அலையும் பட்டறையும்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு டர்னரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் வைத்தது. வாழ்நாளெல்லாம் லேத்தின் முன்னால் நின்ற ஒருவருக்குப் பிள்ளைகள் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டும், அது தொழிலாளிக்கும் புரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை.

கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "ஐயா, நம்ம பக்கம் ஏரிதானே இருக்கு, கடல் எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, வடக்கே புழல், பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்று நம்மைச் சுற்றி ஏரிகள்தான். கடல் என்ற சொல்லை நாம் தினமும் பார்ப்பது 'கடற்கரை' என்று பலகை போட்டு ஓடும் மின்ரயிலில் மட்டும்தான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த உரை முழுவதும். அலைமின்சாரத்தின் தலைவிதி கடலில் பாதி, பாடியிலிருந்து ஆவடி வரை உள்ள பட்டறைகளைப் போன்ற இடங்களில் பாதி என்பது என் முடிவு. முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில், அலையிலிருந்து எப்படி மின்சாரம் வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் பாதி அமிழ்த்துங்கள். டம்ளருக்குள் மேலே காற்று இருக்கும், கீழே தண்ணீர் இருக்கும். டம்ளரின் அடிப்பாகத்தில், அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கத்தில், ஓர் ஓட்டை போடுங்கள். வாளியை ஆட்டினால் உள்ளே தண்ணீர் ஏறும்போது காற்று அந்த ஓட்டை வழியாக வெளியே பாயும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்த ஓட்டையில் ஒரு விசிறியை வைத்தால் அது சுற்றும். டம்ளரின் இடத்தில் மூன்று மாடி உயரக் கான்கிரீட் அறை, வாளியின் இடத்தில் கடல், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று வெளியே போகும்போது ஒரு திசையில் சுற்றும் விசிறி, உள்ளே வரும்போது எதிர்த்திசையில் சுற்றும். இப்படி மாறி மாறிச் சுற்றினால் ஜெனரேட்டரைச் சீராக ஓட்ட முடியாது. 1970களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் இதற்கு விடை கண்டார். மேலும் கீழும் ஒரே வளைவு கொண்ட இறக்கைகளைக் குறுக்காகப் பொருத்தினால், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சக்கரம் ஒரே திசையில்தான் சுற்றும். பார்ப்பதற்கு மிக எளிய பொருள். ஒரு நல்ல வார்ப்படக்காரரும் ஒரு நல்ல ஃபிட்டரும் சேர்ந்தால் செய்துவிடலாம்.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1940களில், ஜப்பானியக் கடற்படையில் இருந்த யோஷியோ மசூடா என்பவர் இதே காற்று வழியைச் சிறிய அளவில் முயன்றார். கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்கு எரிய வேண்டும், அதற்கு பேட்டரி மாற்ற யாரும் நடுக்கடலுக்குப் போகக்கூடாது என்பதே அவருடைய நோக்கம். அவருடைய மிதவைகள் 1960களில் விற்பனைக்கே வந்தன. ஊருக்கு வெளிச்சம் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, ஒரு விளக்குக்குத் தருகிறேன் என்றுதான் சொன்னார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இந்த இடத்துக்கு வருவேன்.

நம் கதை சென்னையில், கிண்டியில் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் அலை ஆற்றலுக்கென்றே ஒரு குழு அமைந்தது. வி.எஸ். ராஜு, எம். ரவீந்திரன் போன்ற பேராசிரியர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞ்சம் மீன்பிடித் துறைமுகம். தென்மேற்குப் பருவக்காற்றின் அலை நேராக வந்து மோதும் கரை அது. அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, பத்து மீட்டருக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில், மூவாயிரம் டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டியை மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். 1991 அக்டோபரில் அது ஓடத் தொடங்கியது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள வெல்ஸ் டர்பைன், 150 கிலோவாட் ஜெனரேட்டர். அன்று உலகில் இப்படிப்பட்ட நிலையங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் மாணவர்களைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனபோது, அப்படியே விழிஞ்சத்துக்கும் கூட்டிப் போனேன். கரையிலிருந்துதான் பார்த்தோம். அதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டோம். பெரிய மிருகம் ஒன்று தூங்கும்போது மூச்சு விடுவதுபோல ஓர் ஓசை. உள்ளே இழுக்கும், ஒரு கணம் நிற்கும், வெளியே விடும். எட்டு நொடிக்கு ஒருமுறை. மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் மட்டும், "சார், அந்த பேரிங் எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டான். அவன் அப்பா இதே அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர். கடலைப் பார்த்து வாயடைத்துப் போன பையன்களில் அவன் ஒருவன்தான் கேட்க வேண்டியதைக் கேட்டான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவன் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு நொடிக்கு ஓர் அலை என்றால் ஒரு நாளைக்கு 10,800 அலைகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 39 லட்சம். ஐந்து ஆண்டில் இரண்டு கோடியை நெருங்கும். ஒவ்வொரு அலையும் ஒரு தள்ளு, ஓர் இழுப்பு. அதுவும் உப்புக் காற்றில். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது, ஆயுத பூஜைக்கு நிறுத்தி எண்ணெய் போட முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். ஒரு மீட்டர் உயரமுள்ள, ஆறு நொடி இடைவெளியுள்ள அலையில், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 3 கிலோவாட் வருகிறது. புயலில் ஆறு மீட்டர் அலை, பத்து நொடி இடைவெளியில் வந்தால் அதுவே 180 கிலோவாட், அதாவது அறுபது மடங்கு. காசு சம்பாதிப்பது ஒரு மீட்டர் அலையில், உயிர் பிழைக்க வேண்டியது ஆறு மீட்டர் அலையில்.  நார்வேயின் டோஃப்டஸ்டாலன் பாறைக்கரையில் 1985-ல் கட்டிய 500 கிலோவாட் நிலையத்தை 1988 டிசம்பர்ப் புயல் பிய்த்தெறிந்துவிட்டது.

விழிஞ்சத்தைக் கடல் பிய்த்தெறியவில்லை. அந்தப் பெட்டி நின்றது. நம் பொறியாளர்களின் கான்கிரீட் வேலைக்கு அதுவே சான்று. ஆனால் மின்சாரம் சீராக வரவில்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே உற்பத்தி ஏறி இறங்கியது. அலை சோர்ந்த நேரங்களில் ஜெனரேட்டரே மோட்டாராக மாறி மின்கம்பியிலிருந்து கரண்ட் இழுத்தது. டர்பைனை மாற்றினார்கள், வேறு வடிவங்களை முயன்றார்கள், ஜப்பானிய அறிஞர்களோடு சேர்ந்து இம்பல்ஸ் டர்பைன் வைத்தார்கள். 1993-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் சென்னையில் உருவானபோது ரவீந்திரன்தான் அதன் முதல் இயக்குநர். பின்னாளில் விழிஞ்சம் அந்தக் கழகத்தின் கைக்கு வந்தது. அந்த அலை மின்சாரத்தைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கும் ஏற்பாட்டை 2004-ல் செய்துகாட்டினார்கள், நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவில். 2011-ல் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

இருபது ஆண்டுகள் ஓடிய ஒரு சோதனையைத் தோல்வி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எனக்குள்ள வருத்தம் வேறு. விழிஞ்சம் ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது, இரண்டாவது கட்டப்படவே இல்லை. ஒரு பொருளின் முதல் துண்டு எப்போதும் பாடம் கற்பதற்குத்தான் என்பது டூல் ரூமில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். முதல் துண்டில் தப்பு வரும், இரண்டாவதில் பாதி சரியாகும், இருபதாவது துண்டில்தான் கை படியும். நாம் முதல் துண்டைச் செய்தோம், இருபது ஆண்டுகள் ஆராய்ந்தோம், பிறகு பட்டறையை மூடிவிட்டோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் நிறுவனம் ரயில்பெட்டிகளைக் கோத்தது போன்ற நீண்ட சிவப்புக் குழாய்களை 2008-ல் போர்ச்சுகல் கடலில் மிதக்கவிட்டது. மூன்று இயந்திரங்கள், மொத்தம் 2.25 மெகாவாட். உலகம் முழுவதும் அந்தப் படம் வெளியானது. மூட்டுகளில் இருந்த பேரிங்குகளில் சிக்கல், கூடவே பணம் போட்டவர்களுக்குப் பணமுடை. சில மாதங்களிலேயே இயந்திரங்களைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். 2014-ல் நிறுவனமே நொடித்துப் போனது. பேரிங் என்று கேட்ட அந்தப் பையனை நான் மறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது காற்றாலையைப் பாருங்கள். 1980களில் ஜெர்மனி குரோவியன் என்ற 3 மெகாவாட் ராட்சதக் காற்றாலையைப் பெரும் செலவில் நிறுவியது. சில நூறு மணிநேரமே ஓடிய அதை 1988-ல் பிரித்துப் போட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பக்கத்து நாடான டென்மார்க்கில் கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர் 22 கிலோவாட் காற்றாடிகளைச் செய்துகொண்டிருந்தார். அதே நாட்டின் வெஸ்டாஸ் என்ற பெயரை முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கொல்லரின் பட்டறையில் தொடங்கி, விவசாயக் கருவிகளும் கிரேன்களும் செய்து, பிறகு காற்றாலைக்கு வந்த நிறுவனம் அது. சின்னதாகச் செய்தார்கள், நிறையச் செய்தார்கள், உடைந்ததைப் பிரித்துப் பார்த்து அடுத்ததில் திருத்தினார்கள். ராட்சதனைக் கட்டிய நாட்டை அந்தப் பட்டறைகள் முந்திப் போயின.

அலைக்கு அப்படி ஒரு பட்டறை வரலாறு இன்னும் எங்கும் வரவில்லை. அது ஏன் இங்கே தொடங்கக் கூடாது?

இதற்குப் பதில் தேடுவதற்கு முன்னால் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தியக் கரையோர அலைகளில் 41,000 மெகாவாட்டுக்கு மேல் ஆற்றல் இருப்பதாக அரசின் மதிப்பீடு சொல்கிறது. 2019-ல் மத்திய அரசு கடல் ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று முறைப்படி அறிவித்தும் விட்டது. ஆனால் அந்த மதிப்பீடு காகிதத்தில் உள்ளது. நம் கரையில் அலையின் ஆண்டுச் சராசரி மீட்டருக்கு 5 முதல் 15 கிலோவாட் வரைதான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிடைப்பதில் இது சிறு பங்கு. வெயிலோ நமக்குக் கொட்டிக் கிடக்கிறது. அதனால் அம்பத்தூர் வீடுகளுக்கு அலையிலிருந்து மின்சாரம் வரும், மின்வாரியப் பில் குறையும் என்று நான் சொல்லமாட்டேன். யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு எதற்கு இது? மசூடாவின் விளக்குக்கு வருவோம். கடலுக்குள் மின்சாரம் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. துறைமுக வாய்க்கால்களில் மிதவை விளக்குகள் எரிகின்றன. புயலையும் சுனாமியையும் அளக்கும் கருவிகள் மிதக்கின்றன. குடிநீர் இல்லாத தீவுகள் இருக்கின்றன. லட்சத்தீவின் கவரத்தியில் ஆழ்கடலின் குளிர்நீரைப் பயன்படுத்தி நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-லேயே அமைத்தது. அங்கே மின்சாரத்துக்கு டீசல் கப்பலில் போக வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு யூனிட் என்ன விலை என்று யாரும் நம் வீட்டு மீட்டரோடு ஒப்பிடமாட்டார்கள்.

அதே கழகம் அலையால் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் வழிகாட்டி மிதவையை உருவாக்கி, நமக்கு வடகிழக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகப் பகுதியில் மிதக்கவிட்டது. பின்பக்கம் வளைந்த குழாய் கொண்ட அந்த மிதவை வடிவமும் மசூடா தந்ததுதான். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அப்துஸ் சமது குழுவினர் 'சிந்துஜா' என்ற கருவியை 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, இருபது மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். விர்யா பாரமிதா எனர்ஜி என்ற இளம் நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தது. நடுவே அசையாத ஒரு தண்டு, அதைச் சுற்றி அலையோடு ஏறி இறங்கும் மிதவை. இரண்டுக்கும் இடையிலான அசைவே மின்சாரமாகிறது. அது தந்தது 100 வாட். ஒன்றிரண்டு மின்விசிறி ஓடும், அவ்வளவுதான். செய்தியைப் படித்துச் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கோ அந்த 100 வாட்டின் மீது மதிப்பு உண்டு. அடுத்து ஒரு மெகாவாட் என்ற குறிக்கோளை அவர்கள் அறிவித்தார்கள். அதற்கு என் வாழ்த்து. ஆனால் ஒரு மெகாவாட் கருவி ஒன்று வருவதைவிட 100 வாட் கருவிகள் நூறு வருவது நாட்டுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

இந்த நூறைச் செய்யப்போவது யார்? ஆய்வகத்தால் ஒன்று செய்ய முடியும், இரண்டு செய்ய முடியும். நூறு செய்வது அதன் வேலை அல்ல. அது உங்கள் வேலை.

ஒரு மிதவைக் கருவியைப் பிரித்து மேசைமேல் பரப்புங்கள். வெல்டிங் செய்த எஃகு உடல், துரு ஏறாத ஷாஃப்ட், சீல், ஓ-ரிங், கேஸ்கெட், பேரிங் வைக்கும் ஹவுசிங், டர்பைன் இறக்கை, சிறு ஜெனரேட்டர், பெயின்ட். இவற்றில் எது இந்த எஸ்டேட்டுக்குப் புதியது? பாடியில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகளுக்கான மோட்டாரும் பிரேக்கும் சக்கரமும் செய்கிறோம். அம்பத்தூரில் சைக்கிள் செய்தோம். 1965-ல் ஆவடி தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் யாரும் டாங்கி செய்ததில்லை. தெரியாத பொருளைக் கையிலெடுத்துத் தெரிந்ததாக்குவதே இந்தப் பகுதியின் வரலாறு.

கடல் சில புதிய பாடங்களைக் கேட்கும். சாதாரண 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு கடல்நீரில் புள்ளி புள்ளியாக அரித்துப் போகும், 316 அதைவிடத் தாங்கும். இரண்டு வேறு உலோகங்களை உப்புநீரில் சேர்த்து முடுக்கினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கொட்டலசு என்ற கடலுயிர் ஒட்டிப் படர்ந்து மிதவையின் எடையை ஏற்றிவிடும். நல்லெண்ணத்தோடு செய்த ஒரு பொருள் 304-ல் செய்யப்பட்டதால் ஒரே ஆண்டில் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடம் முழுவதும் குழி. டிராயிங்கில் எழுதியவருக்குக் கடல் தெரியும், பட்டறை தெரியாது. செய்தவருக்குப் பட்டறை தெரியும், கடல் தெரியாது. இருவரும் ஒருமுறை நேரில் பேசியிருந்தால் அந்த ஷாஃப்ட் பிழைத்திருக்கும்.

தண்ணீர் இயந்திரத்தை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எஸ்டேட்டுக்குள் புகுந்தபோது லேத்துகளும் சி.என்.சி. இயந்திரங்களும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் கழற்றி, வைண்டிங் காயவைத்து, பேரிங் மாற்றி, வாரக்கணக்கில் உழைத்து ஓட வைத்தீர்கள். சேறும் எண்ணெயும் படிந்த அந்தக் கைகளை நான் பார்த்தேன். கடலுக்குப் போகும் இயந்திரத்தைக் கட்ட அந்தக் கைகளைவிடத் தகுதியானவை எவை?

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் முட்ரிக்கு என்ற சிற்றூரின் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். எப்படியும் கட்டப்போகும் சுவர்தானே என்று அதற்குள்ளேயே காற்றறைகளை வைத்து, 16 சிறு டர்பைன்களைப் பொருத்தினார்கள். மொத்தமே 300 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. 2011-லிருந்து மின்சாரம் தருகிறது. ஒரு டர்பைன் கெட்டால் மற்றவை ஓடுகின்றன. ஃபிட்டர் படகேறாமல் நடந்தே போய் சரிசெய்யலாம். இஸ்ரேலின் ஈகோ வேவ் பவர் நிறுவனமும் மிதவைகளைத் துறைமுகச் சுவரில் மாட்டி, இயந்திரங்களைக் கரையிலேயே வைத்துக்கொள்கிறது. மும்பையில் 100 கிலோவாட் சோதனை நிலையம் அமைக்க 2025-ல் பாரத் பெட்ரோலியத்தோடு அது ஒப்பந்தம் செய்தது. நம் கரையில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தூண்டில் வளைவுகள் கட்டிக்கொண்டே இருக்கிறோம். கன்னியாகுமரிப் பக்கம் கட்டப்போகும் அடுத்த அலைதடுப்புச் சுவரில் ஒரே ஓர் அறையை இப்படி விட்டுக் கட்டினால் என்ன? கட்டும்போது மீனவர்களைக் கேட்டுக் கட்ட வேண்டும். எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து கடல் ஏறும், வலை எங்கே போகும், படகு எங்கே திரும்பும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லும் கருவி கிடையாது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் வைக்கவும் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய முதலீடு அல்ல. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது. இரண்டுமே இங்கிருந்து அரைநாளில் போய் வரக்கூடிய தூரத்தில்தான் உள்ளன. உங்கள் உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் போங்கள். ஒரு டர்னர், ஒரு வெல்டர், ஒரு வார்ப்படக்காரர், ஒரு மோட்டார் வைண்டர், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர். முதலாளிகள் மட்டும் போக வேண்டாம். மிதவையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எது முதலில் கெட்டது என்று கேளுங்கள். அந்த ஒரு பாகத்தின் டிராயிங்கை மட்டும் வாங்கி வாருங்கள். அதைப் பத்து விதமாகச் செய்து, எண்ணூர்க் கடலில் பத்து மாதம் ஊறவைத்து, எடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் இந்த மேடையில் பேசுவதற்கு என்னைப் போன்ற ஆசிரியரைக் கூப்பிடாதீர்கள். அந்தப் பத்தையும் செய்த டர்னரைக் கூப்பிடுங்கள்.